எல்லார் ஃபோனிலும் அம்மாவின் படம்

நான் எழுதுவதை மனிதர்கள் படிப்பது குறைவு. ஏஐ ஏஜெண்டுகள்தான், சொன்ன வேலையைச் செய்து கொடுக்கும் மென்பொருள்கள்தான் படிக்கின்றன. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை. கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வேலை இதுதான். போன தீபாவளிக்கு எடுத்த படங்களைக் காட்டு என்று ஒருவர் தன் ஏஜெண்டிடம் கேட்கிறார். ஏஜெண்டுக்குத் தானாகப் படம் தேடத் தெரியாது. அதற்கு ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி அவருடைய கணக்கைத் திறந்து, ஆல்பங்களை எடுத்துக்கொண்டு வந்து ஏஜெண்டிடம் கொடுக்கும். ஆல்பம் என்று யாரும் பெயர் வைக்காத படங்களையும் நாள்வாரியாகக் கட்டிக் கொடுக்கும். அந்தக் கருவி எதைக் கேட்டால் எதைத் தரும், எதைத் தராது என்று எழுதி வைப்பதற்கு எனக்குச் சம்பளம். ஏஜெண்ட் அதைப் படித்த பிறகுதான் கருவியைத் தொடும். நான் தப்பாக எழுதினால் அது தப்பாகச் செய்யும்.

கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் சாலவாக்கத்துக்குப் போகும் ரோட்டை ஒட்டிய எங்கள் ஊரில், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் மேலாளருக்கு என்மேல் ஒரே குறை. நான் எதையும் நம்ப மாட்டேன். கருவி செய்த பொறியாளர்கள் ஒரு குறிப்பு அனுப்புவார்கள். அதை நல்ல வாக்கியமாக்கிப் போட்டால் போதும் என்பார். நான் ஒவ்வொரு வரியையும் சோதித்துப் பார்ப்பேன். பாதி வரிகள் பொய்யாக இருக்கும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. சோதித்துப் பார்க்காமல் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தப் படக் கருவிக்கு அவர்கள் அனுப்பிய குறிப்பில் முதல் வரியே இப்படி இருந்தது: இந்தக் கருவி பயனரின் சொந்த ஆல்பங்களை மட்டுமே தரும்.

அந்த வரியை வைத்துக்கொண்டு நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அம்மா கழனியிலிருந்து பாதி வேலையில் திரும்பி வந்தாள். கால் சேறுகூடக் கழுவவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"யார்கிட்டடி சொன்ன?"

"இன்னாத்த?"

"என் புண்ணப் பத்தி. நடவு நட்டுகினு கீறேன், நெலத்துக்காரம்மா வரப்புல நின்னுகினு எல்லார் எதிர்லயும் கேக்குது. மார்ல அறுத்தாங்களே, சீழ் நின்னுச்சாம்மான்னு. கூட இருந்தவளுங்க அத்தன பேரும் என் மார பாக்கறாளுங்க."

அம்மாவுக்கு இடது மார்புக்குக் கீழே ஒரு கட்டி வந்திருந்தது. உத்திரமேரூர் அரசு ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். வேனல் கட்டி என்று தெருவில் சொல்லி வைத்திருந்தோம், அதுவும் முதுகில் என்று. என்னைக்கூட அம்மா பார்க்க விடவில்லை. தினமும் பஸ் ஏறி அலைய வேண்டாம், புண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருந்தார். அம்மா அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தானே எடுத்துத் தானே அனுப்புவாள். பெற்ற மகள் பார்க்காததை நிலத்துக்காரம்மா எப்படிப் பார்த்தாள்?

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்?"

"நீதான் நாள் முச்சூடும் போட்டோ போட்டோன்னு அந்தப் பொட்டிய தட்டிகினு கீற. உன் பொட்டிதான் இஸ்துகினு போயிருக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனாலும் அம்மா சந்தேகப்பட்டது சரியான இடத்தில்தான். நானே அவள் இடத்தில் இருந்தால் என்னைத்தான் சந்தேகப்படுவேன்.

நான் நர்ஸைச் சந்தேகப்பட்டேன். உடனே ஃபோன் போட்டேன். மரியாதையாக ஆரம்பித்து, மரியாதை இல்லாமல் முடித்தேன்.

"தோ பாரும்மா," என்றார் நர்ஸ். "எனக்கு காலைல இருந்து புண்ணு போட்டோவாத்தான் வருது. சோறு திங்கறப்போகூட சீழத்தான் பாக்கறேன். இதுல உங்கம்மா படத்த நான் யாருக்கு அனுப்பி இன்னா கெடைக்கப் போவுது? பாத்ததும் அழிச்சிடறேன். நம்பினா நம்பு, இல்லன்னா உங்கம்மாவ தெனம் பஸ் ஏத்தி இட்டுகினு வா."

நம்பவில்லை. ஆனால் அவரைப் பிடிக்க ஆதாரம் எதுவும் கையில் இல்லை.

கருவியைச் சோதிக்கக் கம்பெனி ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்திருந்தது. கடற்கரை, நாய்க்குட்டி, கேக் வெட்டும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். அந்த வீடுகளில் ஆளுக்கு ஒரு ஃபோன், ஆளுக்கு ஒரு கணக்கு. அதில் கருவி அழகாக வேலை செய்தது. எனக்கு அந்த அழகு பிடிக்கவில்லை. நிஜமான ஆள் ஒருவரின் கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. என்னுடையதில் ஓட்டினேன், சரியாகத்தான் இருந்தது. அப்புறம் அம்மாவிடம் அவள் ஃபோனைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"என் பொட்டி உன் படத்த இஸ்துகினு போச்சான்னு பாக்கலாம். நீயும் பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தாள். அவள் ஃபோனிலேயே அனுமதி கொடுத்து, ஆல்பங்களைப் பட்டியல் போடு என்று ஏஜெண்டிடம் கேட்டேன். வந்தது. திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

சீமந்தம். கிடாரிக் கன்று. ஒரு டிராக்டரை நான்கு பக்கமும் எடுத்த படங்கள், விற்பதற்காக இருக்கும். மஞ்சள் நீராட்டு விழா, பிளெக்ஸ் பேனரோடு. யாரோ ஒரு ஆள் வேட்டி கட்டிப் பழகுவது. ஏரி மதகு. சாமியார் மாதிரி ஒருவரின் காலடியில் தேங்காய். எலும்பு எக்ஸ்ரே. யார் யாரோ. முதலில் வந்தவற்றில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு நாள் நான் காத்திருந்தது இதற்குத்தான் என்று தோன்றியது. ஊர்பேர் தெரியாதவர்களின் படங்களை எல்லாம் கலந்து கொட்டுகிறது, இதைப்போய் சொந்த ஆல்பங்கள் மட்டும் என்கிறார்கள். மேலாளரைக் கூப்பிட்டேன். வாயில் வந்ததைக் கேட்டேன். அவர் பதறிப்போய்ப் பொறியாளர் ஒருவரையும் அழைப்பில் சேர்த்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொறியாளர் நான் பகிர்ந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கருவி சரியாத்தாங்க இருக்கு. இதெல்லாம் ஒரே கணக்குல இருக்கற படங்க. கணக்கோட பேரப் பாருங்க."

பார்த்தேன். மின்னஞ்சல் முகவரியில் அம்மாவின் பெயர் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அம்மா ஃபோன் வாங்கிய மொபைல் கடையின் பெயர் இருந்தது.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் பக்கத்தில் அம்மா வயதுக்காரர்கள் ஃபோன் வாங்கினால் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் திருதிருவென்று முழிப்பார்கள். கடைக்காரர் தன் கடையின் முகவரியையே போட்டுத் திறந்து கொடுத்துவிடுவார். வாங்கியவர்களுக்கு ஃபோன் வேலை செய்தால் போதும். அந்தக் கடையில் அப்படித் திறந்த எல்லா ஃபோன்களும் ஒரே கணக்கு. ஒருவர் எடுக்கும் படம் அத்தனை ஃபோனுக்கும் போகும். அம்மா அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு எடுத்ததும் போயிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"தெரியுமே," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"இந்தப் படமெல்லாம் வாங்கன நாள்ல இருந்தே ஃபோன்ல கீது. தெனம் புச்சு புச்சா வரும். சிலதுல நம்ம அந்தம்மா வூடுகூட வரும். அவங்க பூஜ ரூமு, சமையல் கட்டு, ஃப்ரிட்ஜி மேல வச்சிக்கிற பொம்மை. எல்லாம் பாத்துக்கீறேன்."

அந்த வீட்டில் அம்மா இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறாள். தோட்டத்துப் பக்கம் தாண்டி உள்ளே காலை வைத்ததில்லை. விட்டதில்லை. அந்தப் பூஜை அறையில் எந்தச் சாமிப் படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா? தப்பு படம் வந்துடுச்சின்னு ஃபோன புடுங்கிகினு பூடுவாங்க. காசு குட்த்து வாங்கனது. எனக்கு வர்ற மாதிரி என்னுதும் அவங்களுக்குப் போவும்னு யாருக்குடி தெரியும்?" சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள், வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம் என்றாலும்.

"அழிச்சிடுடி," என்றாள். "எல்லார் ஃபோன்லர்ந்தும்."

நான் அப்போதே அந்தக் கணக்கிலிருந்து அம்மாவின் படங்களைத் தேடி எடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கும் என்று தெரியும், அதையும் காலி செய்தேன். தேடும்போதுதான் அவற்றை முதல்முறையாகப் பார்த்தேன். எழுத விரும்பவில்லை. முகம் இல்லை. மணிக்கட்டில் தேள் பச்சை குத்திய கை ஒன்று சேலையை விலக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையைத் தெரிந்தவர்களுக்கு முகம் வேண்டாம்.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் என் வயதுதான் இருப்பார். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு ஃபோனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையை நிமிர்த்தவில்லை.

"யக்கா, மெயில் ஐடி இல்லாதவங்களுக்கு நான் எங்கக்கா போவேன்? சர்வீஸுதான் பண்றேன். அதுக்குத் தனியா ஒரு ரூபா வாங்கனது கெடையாது."

"எங்கம்மா படத்த நீ பாத்தியா?"

"நான் எதுக்குக்கா அதெல்லாம் பாக்கறேன்? நமக்கு வேற பொழப்பு இல்லியா? வர்றவங்க எல்லாம் என் அம்மா மாதிரி."

எனக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரியாது. சோதிக்கத்தான் தெரியும். "அப்போ உங்க அம்மா ஃபோன் எந்தக் கணக்குல இருக்கு?" என்று கேட்டேன்.

கை நின்றது.

"சொல்லு. கடைக் கணக்குல உன் மூஞ்சி ஒரு படத்துலகூட இல்ல, உங்க வூட்டு ஃபோன் ஒண்ணும் அதுல இல்ல. நேத்து ராவெல்லாம் தேடிப் பாத்துட்டுத்தான் வந்துக்கீறேன். உங்கம்மாவுக்கு மட்டும் தனியா தெறக்கத் தெரிஞ்சிருக்கு."

"யக்கா, கஸ்டமருங்க எதிர்ல பேஜார் பண்ணாதீங்க."

அம்மா அதுவரை பேசவில்லை. இப்போது மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "நைனா, உங்கம்மாவுக்கு மானம் கீது, எனக்கு இல்ல. அதான?"

கடையில் நின்றிருந்த ஒருவர் தன் ஃபோனை மேஜையிலிருந்து மெதுவாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் அம்மாவுக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுத்தார். பழைய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லா ஃபோன்களிலிருந்தும் வெளியேற்ற வைத்தேன். அடுத்த நாள் காலையில் பாதி ஊர் படம் காணோம் என்று கடை வாசலில் நின்றதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தமில்லை. அவர்களில் யார் யார் அம்மாவைப் பார்த்தார்கள் என்றுதான் இன்றும் யோசிக்கிறேன்.

கணக்கிலிருந்து அழித்தால் போதாது. யாராவது தனியாக எடுத்து வைத்திருக்கலாம், அனுப்பியிருக்கலாம். எங்களுக்குத் தெரிந்து பார்த்தவள் ஒருத்திதான். கடைக்குப் போன அன்று சாயங்காலமே நிலத்துக்காரம்மா வீட்டுக்குப் போனோம், தோட்டத்துப் பக்கமாக. அந்தம்மா மாட்டுத் தொட்டி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வாம்மா. பாதி நடவுல வுட்டுட்டுப் போயிட்ட. இன்னா கோவம் உனக்கு? நல்லதுக்குத்தான கேட்டேன்?"

"எப்டிம்மா தெரிஞ்சிச்சு உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"ஃபோன்ல வந்துச்சு. யாரு அனுப்பனான்னு தெர்ல. உன் கைய பாத்ததும் தெரிஞ்சிகினேன். கூலி வாங்கற கைதான?"

"வேற யாருக்கும் காட்னீங்களா?"

அந்தம்மா மாட்டைப் பார்த்தாள். "செங்கல்பட்டுல என் தங்கச்சிக்கு அனுப்பனேன். அவ மருமவன் டாக்டரு. இன்னா புண்ணுன்னு கேக்கலாமேன்னு. உனக்காகத்தான்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினாள். குரலை உயர்த்தாமல் அவளே பேசினாள்.

"ஐயா கட்டில்ல வாயத் தொறந்துகினு டவுசரோட தூங்கற படம் எங்கிட்ட இருந்துச்சு. நீங்க தலைக்கு மை பூசிகினு கண்ணாடி முன்னால நிக்கறது இருந்துச்சு. உங்க மருமவ ஜாக்கெட்டு தைக்கக் குடுக்க எடுத்த படம் இருந்துச்சு, முதுகு முழுசும். எல்லாத்தையும் பாத்தேன். நான் யாருக்கும்மா அனுப்பனேன்?"

அந்தம்மாவின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. "எங்க வூட்டுப் படம் உங்கிட்ட எப்டி" என்று ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் கேட்க வேண்டிய கேள்வியும் எங்கள் கேள்வியும் ஒன்றே என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

"அழிங்க," என்றேன் நான். "எங்க கண்ணு எதிர்ல."

ஃபோனை எடுத்து வந்தாள். அவளுக்கு அழிக்கத் தெரியவில்லை. என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். சிறிது தயங்கினாள். பிறகு கொடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அம்மாவே தேடிப் பிடித்து, அம்மாவே அழித்தாள். தங்கைக்கு ஃபோன் போடச் சொன்னோம், ஒலிபெருக்கியில்.

"எந்தப் போட்டோக்கா? அந்தப் புண்ணா? அத அன்னிக்கே அழிச்சிட்டேன். சோறு துன்ன முடியுமா அத வச்சிகினு?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தம்மா அவசரமாக ஃபோனை அணைத்தாள். "அழிச்சிட்டாளாம்," என்றாள், தங்கை சொன்னது எங்களுக்குக் கேட்காதது போல.

இதற்கு நடுவில் என் வேலை அப்படியே கிடந்தது. மேலாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முதல் வரியை மாற்றி அனுப்பினேன்: இந்தக் கருவி ஒரு கணக்கில் உள்ள எல்லா ஆல்பங்களையும் தரும், அந்தக் கணக்கைப் பலர் சேர்ந்து பயன்படுத்தலாம், கேட்பவர்தான் படத்தின் சொந்தக்காரர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, காட்டும் முன் கேள்.

"இது ரொம்ப அபூர்வமா நடக்கறதுங்க," என்றார் மேலாளர். "இத முதல்ல போட்டா ஏஜெண்ட் எதுக்கெடுத்தாலும் கேள்வி கேட்டு நிக்கும். வாடிக்கையாளருக்குப் பிடிக்காது. கடைசில ஒரு குறிப்பா போட்டுக்கலாம்."

"எத்தனை ஊர்ல கேட்டுப் பாத்துட்டு அபூர்வம்னு சொல்றீங்க?"

"நீங்க பர்சனலா எடுத்துக்கறீங்க."

"எடுத்துக்காம? எங்கம்மா மார பாத்துக்கீறாங்க."

அவருக்கும் அம்மா இருப்பார். ஆனாலும் அதற்காக அவர் அந்த வரியை முதலிலேயே போட விடுவார் என்று நான் நம்பவில்லை. வெளியிட்ட பிறகு திறந்து பார்த்தேன். முதல் வரியில் "சொந்த" என்பதை எடுத்திருந்தார்கள். மற்றதைக் கடைசியில், சின்னதாகப் போட்டிருந்தார்கள். ஏஜெண்ட் அதுவரை படிக்குமா என்று பொறியாளரைக் கேட்டேன். பெரும்பாலும் படிக்கும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லை நான் ஆவணத்தில் எழுதினால் அடித்துவிடுவார்கள்.

மீதி நடவுக்கு அந்தம்மா ஆள் அனுப்பினாள். அம்மா போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள். கூலி வேண்டுமே. ஆனால் கழனியில் இறங்குவதற்கு முன் வரப்பில் நின்று, கூட வந்த பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டாளாம்.

"ஏம்மா, செங்கல்பட்டுல உங்க தங்கச்சி என் படத்த அழிச்சிட்டாளா?"

"அழிச்சிட்டாம்மா. அன்னிக்கே சொன்னாளே."

சரி என்று இறங்கினாளாம். மறுநாளும் கேட்டாளாம். அதற்கு மறுநாளும். கூட வேலை செய்பவர்கள் வந்து சொல்லிச் சிரித்தார்கள், அந்தம்மா இப்போதெல்லாம் வரப்புப் பக்கமே வருவதில்லை, கூலியை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறாள் என்று.

"விட்ருமா," என்றேன் ஒருநாள். "அழிச்சிட்டேன்னு சொல்லிட்டாங்க இல்ல."

"நீ நம்பறியா?"

"இல்ல," என்றேன்.

"அப்போ எதுக்கு என்ன வுடச் சொல்ற?" என்றாள் அம்மா. மறுநாள் காலையில் கிளம்பும்போது, அந்தம்மா வரப்புக்கு வராவிட்டால் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்கப்போவதாகச் சொன்னாள். தோட்டத்துப் பக்கமாக இல்லை, தெரு வாசலில்.